மண் பட்ட துவக்கு

பார்க் எக்ஸ்ரென்ஷன், மொன்றியல்
11 செப்ரெம்பர் 2024

அண்ணை,

என் இலக்கத்தை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். "அந்தச் சாமானைப் பற்றி ஃபோனில ஒரு சொல்லும் வரக்கூடாது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். கடிதம் என்றால் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடலாம்.

நீங்கள் புரோசார்ட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. உங்களோடு வேலை செய்கிற வலன்ரைன் அண்ணை வீட்டு நிலக்கீழ் அறை குளிரா, ஜெயனி அக்கா நேரத்துக்குச் சாப்பாடு தருகிறாரா என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்கிறார். நாங்கள் எதற்காகச் சண்டை பிடித்தோம் என்று அவருக்குத் தெரியாது. தோய்க்கப் போட எடுத்த உங்கள் கறுப்பு ஜக்கெற்றுக்குள் என் கை எதைத் தொட்டது என்று நான் சொல்லவில்லை. அது என் உள்ளங்கைக்குள் அடங்கியது. சிகரெட் கொளுத்தி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் பாரமும் குழாயும் விசையும் கைக்குப் பட்டன.

அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன்.

நீங்கள் பிழையாக எதுவும் செய்யவில்லை. நீங்கள் வேலை செய்கிற விமான நிலையத்தில் ஒரு கடத்தல் பெட்டியைப் பார்த்தும் பார்க்காதது போல ஏற்றிவிடச் சொன்னார்கள், மாட்டேன் என்றீர்கள். ஒரு கிழமை கழித்து உங்கள் காரின் முன்கண்ணாடியில் ஒரு படம் செருகியிருந்தது. ஜான்-டலோன் சந்தையில் அம்மா குனிந்து தக்காளி அடுக்கிக்கொண்டிருக்கிற படம். அதைப் பொலிசிடம் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். நான் கூட வருகிறேன். பிரெஞ்சில் கதைக்க வேண்டியதை நானே கதைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்தச் சாமானை ஆற்றில் போட்டுவிடுங்கள். பாலத்தால்தானே தினமும் வேலைக்குப் போகிறீர்கள்.

றெபேக்கா


புரோசார்ட்
19 செப்ரெம்பர் 2024

தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. வங்கியையும் மின்சாரக்காரரையும் தவிர எனக்கு வேறு ஆர் எழுதுகிறார்கள்?

அறை குளிரில்லை என்று அம்மாவிடம் சொல். சாப்பாட்டில் உறைப்புத்தான் இல்லை. மகன் லக்ஷனுக்காக ஜெயனி எல்லாவற்றையும் பால்கறியாக வைக்கிறார். அவனுக்கு நாலு வயது. பிள்ளைகள் பராமரிப்புக் கார்டெரியால் வந்ததும் என்னை "மொன்சியூர் டனிஸ்ரன்" என்று கூப்பிடுகிறான். வலன்ரைன் அதைப் பிடித்துக்கொண்டு இப்போது வேலையிடத்திலும், "மொன்சியூர், அந்தப் பெட்டியை ஒருக்கா இஞ்சால தள்ளும்" என்கிறான்.

பொலிஸ் என்று எழுதியிருந்தாய். அப்பா என்ன செய்தார், றெபேக்கா? பக்கத்து வீட்டுப் பெடியனை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர் அவர் ஒருவர்தான். பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுக்க வெளிக்கிட்டார். வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைச் சேட்டுப்பையில் வைத்துக்கொண்டு. நீ அப்போது சின்னப் பிள்ளை. நான்தான் சைக்கிளில் சந்தி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். "பின்னேரம் வாறன், நீ போய்ப் படி" என்றார். பதினாறு வருடமாகிறது, இன்னும் வரவில்லை.

இது கனடா என்று சொல்வாய். ஓம், கனடாதான். ஆனால் முறைப்பாடு கொடுக்கிறவனின் பெயர் ஒரு கடதாசியில் ஏறும். அந்தக் கடதாசியை ஆர் ஆர் வாசிப்பார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெட்டி ஏற்றச் சொன்னவர்களுக்கு அம்மா நிற்கிற கடை எப்படித் தெரிந்தது?

சாமான் அப்படியில்லை. நான் அழுத்தினால் வெடிக்கும். அழுத்தாவிட்டால் சும்மா இருக்கும். அப்படி நம்பக்கூடியதாக எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

நீ சாப்பிடு. மெற்றோவில் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இறங்குகிற இடத்தை விட்டுவிடாதே.

அண்ணை


பார்க் எக்ஸ்ரென்ஷன்
1 ஒக்ரோபர் 2024

அண்ணை,

அப்பாவைப் பற்றி எழுதியதை வாசித்தேன். நீங்கள் சந்தியில் இருந்து தனியாகத் திரும்பி வந்தது எனக்கும் நினைவிருக்கிறது.

ஆகவே பொலிசை விடுவோம். சட்டத்தையும் விடுவோம். நம்பக்கூடிய சாமான் என்றீர்களே, அதை மட்டும் பார்ப்போம்.

பல் மருத்துவமனையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். வாய்க்குள் போய் வந்த கருவிகளைக் கழுவி, எண்ணெய் விட்டு, நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுப்பது. இந்த ஐந்து வருடத்தில் ஒரு பெரிய குறடு பழுதாகி நான் பார்த்ததில்லை. விரலளவு சுழல் கருவிகள்தான் மாதத்துக்கு ஒன்று திருத்தப் போகும். உள்ளே இடமில்லை. ஒரு பஞ்சு நூல் போனாலும் இறுகிவிடும்.

இரண்டு கிழமையாக நூலகத்தில் இருந்து வாசிக்கிறேன். நூலகப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கொலைக்கதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் வாசித்ததெல்லாம் துவக்கை வெறுக்கிறவர்கள் எழுதியதல்ல. ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் எழுதியது. அவர்களே இந்தச் சின்னச் சாதியை நம்பவில்லை. அதில் போடுகிற ரவைக் குண்டு சின்னது, அதற்குள் இருக்கிற மருந்து கொஞ்சம். ஒன்று வெடித்ததும் வெறுங்கோதை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுகிற வேலையையும் அந்தக் கொஞ்ச மருந்தின் உதைப்புத்தான் பார்க்க வேண்டும். பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தால் பாதியில் நின்றுவிடும். பையின் பஞ்சும் வியர்வையும் சாப்பிட்ட பாண் தூளும் நாள்பட உள்ளே சேரும். ரவை பழசென்றால் ஊசி அடித்தாலும் பற்றாது. உங்களுடையவற்றுக்கு எத்தனை வயது? விற்றவன் சொன்னானா? எல்லாம் சரியாக நடந்து வெடித்தாலும், குளிர் உடுப்பு இரண்டு மூன்று போட்டவனை அந்தச் சின்ன ரவை நிறுத்தும் என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் வரும் என்பது மட்டும் நிச்சயம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இன்னொரு விஷயம். போன ஞாயிறு வலன்ரைன் அண்ணை வந்து கறுப்பு ஜக்கெற்றை வாங்கிப் போனார் அல்லவா? அதற்கு முதல்நாள் அம்மா ஹோர்லிக்ஸ் போத்தலில் இருந்து மடு மாதா கோயில் மண் எடுத்துத் துணியில் முடிந்து உள்பையில் வைத்தார். "மாதாவின்ர மண் இருக்கிற இடத்தில பாம்பு வராது. மனிசப் பாம்பும் வராது" என்றார். உங்களுக்கு ஏதோ ஆபத்து என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். முடிச்சு இறுக்கமில்லை, மேசையில் மண் கொட்டிக் கிடந்தது. அந்தப் பைக்குள் சாமானை வைக்காதீர்கள்.

அல்லது வையுங்கள். அது வெடிக்காமலே போகட்டும் என்று நான் போன கிழமை மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

றெபேக்கா


புரோசார்ட்
8 ஒக்ரோபர் 2024

டொக்ரர் றெபேக்காவுக்கு,

உன் கட்டுரையை வலன்ரைனுக்கு வாசித்துக் காட்டினேன். "டேய், உன்ர தங்கச்சியை எங்கட இடத்தில பாதுகாப்பு மனேஜரா விடலாமடா. ஒருத்தனும் லீவு கேக்கமாட்டான்" என்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். போகும்போதும் வரும்போதும் ஒரே காரில்தான் போகிறோம். "நீ அதை வைச்சிருக்கேக்க எனக்கொரு துணிவு" என்கிறான். ஜெயனிக்குத் தெரியாது.

மண் முடிச்சைப் பார்த்தேன். எறிய மனம் வரவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

இரண்டு கிழமையாக ஒருவனையும் காணவில்லை. ஓய்ந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வாறேன். அம்மாவைக் கொழுக்கட்டை அவிக்கச் சொல்.

அண்ணை


பார்க் எக்ஸ்ரென்ஷன்
18 நவம்பர் 2024

அண்ணை,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். இது எப்போது உங்கள் கைக்கு வரும் என்று தெரியாது. தடுப்பு நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்துகொண்டு உங்களிடம் கேட்க முடியாததை எழுதத்தான் வேண்டும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒக்ரோபர் இருபத்திரண்டு, பட்டப்பகல் மூன்று மணி. டோர்வலில் ஒரு காப்பிக் கடையின் பின்னால், நீங்களும் வலன்ரைன் அண்ணையும் காருக்குப் போகும்போது இரண்டு பேர் வந்தார்கள். நீங்கள் துவக்கை எடுத்தீர்கள். அது வெடிக்கவில்லை. கத்தி வலன்ரைன் அண்ணைக்கு இறங்கியது. வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பொலிஸ் வந்தபோது கையில் துவக்கோடு நின்றது நீங்கள் மட்டும்.

மூன்றாம் நாள் வலன்ரைன் அண்ணை போய்விட்டார். அடக்கத்துக்கு உங்கள் வேலையிடத்தில் இருந்து எழுபது பேராவது வந்தார்கள். லக்ஷன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லோருக்கும் "பொன்ஜூர்" சொன்னான். ஜெயனி அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "உன்ர அண்ணையின்ர துவக்கு ஏன் வேலை செய்யேல்லை?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அம்மா, "நான்தான் பிள்ளை. நான் வைச்ச மண் இறுகிட்டுது" என்றார். அத்தனை பேருக்கும் முன்னால்.

ஏன் அண்ணை அம்மாவிடம் அதைச் சொன்னீர்கள்? உண்மைதான் என்றாலும் ஏன் சொன்னீர்கள்?

அன்றையிலிருந்து அவர் கோயிலுக்குப் போகவில்லை. இருபது வருடத்தில் குளிர் காய்ச்சல் என்றுகூட ஒரு பூசை விடாத மனுசி. பாதர் வீட்டுக்கு வந்தபோது அறைக்கதவைத் திறக்கவில்லை. "மாதாவின்ர மண்ணால ஒரு மனிசனைக் கொலை செய்திட்டன். நான் எந்த முகத்தோட போறது?" என்று உள்ளே இருந்தே சொன்னார். பாதர் கதவோடு கதைத்துவிட்டுப் போனார். அம்மா சந்தையில் வேலையையும் விட்டுவிட்டார். இரண்டு கரண்டி சோறு, அதுவும் நான் நின்றால்.

எனக்கும் என் பங்கு இருக்கிறது. வெடிக்காது என்று எழுதியவள் நான். வெடிக்கக்கூடாது என்று மெழுகுதிரி கொளுத்தியவளும் நான். கேட்டது கிடைத்துவிட்டது.

றெபேக்கா


தடுப்பு நிலையம்
30 டிசம்பர் 2024

தங்கச்சி,

உன் கடிதம் நத்தாருக்கு முதல்நாள் கிடைத்தது.

அம்மாவைப் பற்றி எழுதியதை ஒரு தரம்தான் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்க முடியவில்லை.

கேட்க வெட்கமான ஒன்றைக் கேட்கப் போகிறேன். வழக்கறிஞர் வந்தார். ரவை ஏற்றிய துவக்கை வைத்திருந்தது பெரிய குற்றம். ஆனால் அது சுடவே முடியாத பழுதான சாமான் என்று காட்டினால் குற்றத்தைக் குறைத்துக் கேட்கலாம் என்கிறார். இல்லாவிட்டால் சிறை வருடக் கணக்கில் போகும், பிறகு குடியுரிமை இல்லாதபடியால் திருப்பி அனுப்பவும் பார்ப்பார்கள். நீயும் அம்மாவும் சத்தியப்பிரமாணம் எடுத்த வருடம் நானும் படிவத்தை நிரப்பியிருக்கலாம். எப்போது பார்த்தாலும் மேலதிக வேலை. திருப்பி அனுப்பினால் எங்கே போவது? அப்பாவை இறக்கிவிட்ட சந்திக்கா?

துவக்கு ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அறிக்கை வர இரண்டு மாதமாகும். அதற்கு முதல் அம்மா வழக்கறிஞரிடம் வந்து, எந்தப் பையில் மண் வைத்தார், முடிச்சு எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுத்தால் நல்லது என்கிறார். நீ ஒக்ரோபரில் எழுதிய கடிதத்தையும் கேட்கிறார். அது ஜெயனி வீட்டில் என் கட்டிலுக்குக் கீழே சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஜெயனியிடம் போய் அதை எடுக்க உன்னால் ஏலுமா தெரியாது.

அண்ணை


பார்க் எக்ஸ்ரென்ஷன்
20 பெப்ரவரி 2025

அண்ணை,

ஜெயனி அக்காவிடம் போய் எடுத்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. "எடுத்துக்கொண்டு போ" என்றார், அவ்வளவுதான்.

அம்மாவையும் கூட்டிப் போனேன். பனிப்புயல் நாள். வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஒரு கதிரையின் நுனியில் இருந்து, அந்த முடிச்சைத் தான் எப்படிக் கட்டினார் என்று தன் கைலேஞ்சித் துணியில் கட்டிக் காட்டினார். "தளர்வாக் கட்டினது என்ர பிழை. பிள்ளையில பிழையில்லை எண்டு எழுதச் சொல்லு" என்றார். நான் பிரெஞ்சில் சொன்னேன். அந்த வசனத்தை மொழிபெயர்த்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று இப்போது யோசிக்கிறேன்.

இன்று பகல் வழக்கறிஞர் கூப்பிட்டார். அறிக்கை வந்துவிட்டது.

துவக்கின் உள்ளே மண் இல்லை. ஒரு மணிகூட இல்லை. எண்ணெய் விட்டுத் துடைத்துச் சுத்தமாக இருந்ததாம். சுட ஆயத்தமாக ஒரு ரவை ஏறியிருந்தது. ஊசி அடித்தால் ரவையின் அடியில் ஒரு புள்ளி விழும். அதில் அந்தப் புள்ளி இல்லை. மொத்தம் ஆறு ரவை. ஆய்வாளர் ஆறையும் சுட்டுப் பார்த்திருக்கிறார். ஆறும் வெடித்தன. ஒன்றும் சிக்கவில்லை, ஒன்றும் தாமதிக்கவில்லை.

நான் வாசித்த அத்தனை பேரும் இந்த ஒரு துவக்கைப் பற்றிப் பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள்தான் சரி. அழுத்தினால் அது வெடிக்கும்.

அம்மா அடுத்த அறையில் இருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நாலு மாதத்தில் அவர் எத்தனை கிலோ குறைந்துவிட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே என்ன நடந்தது என்று உங்கள் கையால் எழுதுங்கள். வழக்கறிஞருக்கு அல்ல, எனக்கு.

றெபேக்கா


தடுப்பு நிலையம்
4 மார்ச் 2025

றெபேக்கா,

இங்கே கடிதத்தைத் திறந்து பார்ப்பார்களோ தெரியாது. பார்க்கட்டும்.

ஒருவன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். மற்றவன் ஒரு வான் வண்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறான், நாங்கள் காணவில்லை. முன்னுக்கு வந்தவன், "மோந்த்" என்றான். காரில் ஏறு என்று. நான் துவக்கை எடுத்து நீட்டினேன். நீ எழுதியதற்காகவே தினமும் துடைத்து வைத்த துவக்கு. மண் முடிச்சு அங்கேயே இருக்கட்டும் என்று எழுதினாலும், அன்றிரவே அதைப் பைக்குள் இருந்து எடுத்துவிட்டேன். என் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

விரல் விசையில்தான் இருந்தது. அவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு கார் நீளம். அவன் பயந்துபோய் வாயைத் திறந்தான். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தான். மேல் வரிசை முழுக்க. கம்பி போட்ட பிள்ளைகள் ஆறு கிழமைக்கு ஒருக்கா வரவேணும், தாய்மார்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று நீ சொல்வாயே. அதுதான் நினைவுக்கு வந்தது. இவனை ஒருத்தி ஆறு கிழமைக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த நேரத்தில் இப்படியொரு நினைப்பு ஒரு மனுசனுக்கு வருமா? வந்தது.

வலன்ரைன், "சுடடா, சுடடா" என்று கத்தினான். கத்திக்கொண்டே முன்னுக்குப் போனான். பின்னால் நான் துவக்கோடு நிற்கிறேன் என்ற துணிவில்தான் போனான். வெறுங்கையோடு போகிற ஆள் இல்லை அவன், உனக்குத் தெரியும். கரப்பானுக்குப் பயந்தவன். வானுக்குப் பின்னால் நின்றவன் கத்தியோடு ஓடிவந்தான். நான் அப்போதும் சுடவில்லை. விரல் மடங்கவே இல்லை. வலன்ரைன் விழுந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்கிற மாதிரித்தான் பார்த்தான்.

பொலிஸ்காரர் ஏன் சுடவில்லை என்று கேட்டார். நீ எழுதியது அத்தனையும் என் வாயில் இருந்தது. சிக்கிவிட்டது என்றேன். பிறகு அம்மா வந்தார். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "ஏன் தம்பி நீ சுடேல்லை? அவன் உன்னை நம்பியெல்லோ வந்தவன்" என்றார். அம்மா அப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. சுடாததற்கு மாதாவுக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். மண் இறுகிட்டுது அம்மா என்றேன். சொன்ன உடனே திருப்பி எடுத்திருக்கலாம். அம்மா கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எடுத்திருக்கலாம்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு. வழக்கறிஞரிடம் அம்மா எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வாங்கு. நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கே அனுப்பினாலும் போறேன்.

டனிஸ்ரன்


பார்க் எக்ஸ்ரென்ஷன்
6 ஏப்ரல் 2025

அண்ணை,

வாசித்துக் காட்டினேன். சமையலறையில், பகலில், அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பல்லுக் கம்பி வந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. நீங்கள் சின்னதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளித்தபோது ஏசுகிற அதே குரல். "அஞ்சு மாசம் என்னைக் கொலைகாரியாக்கி வைச்சிருந்தவன். நான் சந்தைக்குப் போகேல்லை, கோயிலுக்குப் போகேல்லை. அவன் கண்ணாடிக்கங்கால இருந்து சோறு திண்டவன்" என்றார். மேசையில் இருந்த வெங்காயத்தையெல்லாம் கையால் தள்ளிவிட்டார். நான் குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தார். "சுடேல்லையாம் பிள்ளை. என்ர பிள்ளை ஒருத்தனையும் சுடேல்லையாம்." இதை எத்தனை தரம் சொன்னார் என்று தெரியாது. சந்தோசமா துக்கமா என்று பிரித்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, "ஜெயனியிட்டப் போவம், எழும்பு" என்றார்.

"இப்பவோ அம்மா? அவ என்ன நினைப்பா?"

"நினைக்கட்டும். அவவுக்கு நான் பொய் சொல்லியிருக்கிறன். மண் எண்டு சொன்னது நானெல்லோ."

பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் பனிக்கட்டி உடைந்து மிதந்தது. அம்மா அந்தப்பக்கம் பார்க்கவே இல்லை. கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு, சொல்லப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தார்.

ஜெயனி அக்கா தேநீர் போட்டுத் தந்தார். லக்ஷன் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தான். உங்கள் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. அம்மாவே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். வலன்ரைன் அண்ணை "சுடடா" என்று கத்தியதையும் சொன்னார். அதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விடவில்லை. ஜெயனி அக்கா நின்றபடியே கேட்டார்.

"திரும்பிப் பார்த்தவரோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் பிள்ளை."

ஜெயனி அக்கா ஆறின தேநீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல்: "துவக்குப் பிழைச்சதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அது சுகமா இருந்தது, மாமி. இரும்பில கோவிக்க ஏலாது. மண்ணிலயும் ஏலாது. இப்ப ஆரில கோவிக்கிறதெண்டு தெரிஞ்சிட்டுது."

அம்மா, "கோவி பிள்ளை" என்றார்.

"அந்தப் பெடியனைச் சுட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பன் எண்டு சொல்லமாட்டன். ஆனா எனக்கு இவர் இருந்திருப்பார்." அதைச் சொல்லும்போதுதான், அண்ணை, அவர் அழுதார். அடக்கத்தன்று அழாதவர். அம்மா எழும்பிப் போய்ப் பிடித்தார். அவர் தள்ளிவிடவில்லை, சாயவும் இல்லை.

தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்கு வருவாராம். கதைக்கக் கேட்டால் கதைப்பாராம். "என்ன சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது. உன்ர அண்ணைக்கு அப்பிடியே சொல்லு" என்றார்.

இன்றைக்கு அம்மா பூசைக்குப் போனார். கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். நற்கருணை வாங்க எழும்பவில்லை. ஆனால் போனார்.

நான் வாசித்ததைப் பற்றி ஒன்று. ஒரு துவக்கு ஏன் வெடிக்காது என்பதற்கு இத்தனை காரணம் தேடினேனே, அதைப் பிடித்திருக்கிற ஆள் எனக்கு ஒரு காரணமாகவே தோன்றவில்லை. என் சொந்த அண்ணை. எனக்கு உங்களில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் போனபிறகு இன்னொன்று எழுதுவேன்.

றெபேக்கா


தடுப்பு நிலையம்
15 ஏப்ரல் 2025

தங்கச்சி,

தீர்ப்பு மே இருபத்தெட்டு. இரண்டு வருடத்துக்குக் குறையாது என்கிறார் வழக்கறிஞர். திருப்பி அனுப்புகிற கதை அதற்குப் பிறகு.

ஜெயனிக்கு எழுதத் தொடங்கினேன். "அன்புள்ள" என்று போடுவதா, வேண்டாமா என்பதிலேயே ஒரு பின்னேரம் போய்விட்டது. நாலு கடதாசி கிழித்தேன். எதை எழுதினாலும் எனக்காக எழுதுவதாகவே வருகிறது. அவர் கேட்காமல் நான் எழுதக்கூடாது.

அவர் வரட்டும், என்னைப் பார்த்துக்கொண்டு கதைக்கட்டும். நான் தலையைக் குனியமாட்டேன் என்று அம்மாவிடம் சொல். குனிந்தால் அவருக்குச் சுவரோடு கதைக்கிற மாதிரி இருக்கும்.

அதற்கு முதலோ பிறகோ என்னை ஏசி எழுத வேண்டும் என்று ஜெயனிக்கு இருந்தால் என் விலாசத்தைக் கொடு. எத்தனை பக்கம் என்றாலும் வாசிப்பேன். இங்கே தபால் செவ்வாயும் வெள்ளியும் வரும்.

டனிஸ்ரன்